மனச்சிதைவு நோயாளி வார்டில் கொந்தளிக்கும்போது நிக்கோட்டின் பேட்ச் உதவுமா?

குளச்சலுக்குப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பர் கேட்டது இது. அவருடைய அண்ணனுக்குப் பல வருடமாக மனச்சிதைவு நோய், டாக்டர்கள் ஸ்கிசோஃப்ரீனியா என்று சொல்வது. மாத்திரையை விட்டுவிட்டதால் மறுபடியும் காதில் குரல் கேட்க ஆரம்பித்து, நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு கட்டுக்குக் குறையாமல் பீடி குடிப்பவர். வார்டில் பீடி கூடாது. சேர்த்த அன்று ராத்திரி ஊசி போட்டதில் தூங்கினார். மறுநாள் மதியத்திலிருந்து ஒரு இடத்தில் நிற்கவில்லை; கதவை உதைத்தார், நர்ஸைத் தள்ளிவிட்டார், திரும்பவும் ஊசி. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் அக்கா போனில், "நிக்கோட்டின் பேட்ச் ஒட்டச் சொல்லு, அடங்கிருவான்" என்கிறார். அம்மாவோ, "யாரும் பார்க்காத நேரம் ஒரு பீடி குடுத்தா போதுமே" என்கிறார். இதில் யார் சொல்வது சரி?

பேட்ச் நல்லதா கெட்டதா என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது. அண்ணன் இப்படி நடந்துகொள்வது நோய் முற்றியதாலா, பீடி கிடைக்காததாலா? மருந்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டுமா, வேறு ஏதாவது செய்யலாமா? நான் குமரி மாவட்டத்தில் மனநல மருத்துவராகப் பல வருடமாக வேலை செய்கிறவன். உங்கள் அண்ணனை நேரில் பார்த்ததில்லை, அதனால் அவருக்கு இதுதான் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவரைப் பார்க்கும் டாக்டரிடம் நீங்கள் என்ன கேட்க வேண்டும், எதைச் சொல்லாமல் விடக்கூடாது என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் சுருக்கமாக: அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேட்ச் என்பது தோலில் ஒட்டும் பட்டை; பீடியில் இருக்கும் போதைப்பொருளான நிக்கோட்டினைப் புகை இல்லாமல் மெல்ல உடம்புக்குள் விடும். பீடி கிடைக்காத தவிப்பைப் பலருக்கு அது குறைக்கும். ஆனால் அது நோய்க்கான மருந்துக்குப் பதிலாக வராது, கூடவே சேர்த்துக் கொடுப்பது. அம்மா சொல்லும் வழி வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன், அம்மாவைக் குறை சொல்லாமல்.

நிக்கோட்டின் உடம்பில் அதிக நேரம் தங்காது. இரத்தத்தில் இருக்கும் அளவு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். நாள் முழுக்கப் பீடி குடிக்கிற ஒருவர் காலையில் கண் விழித்ததும் பாயை மடிக்கும் முன்பே பீடியைத் தேடுவது இதனால்தான். நிறுத்திய சில மணி நேரத்திலேயே எரிச்சல், படபடப்பு, கவனம் நிற்காமை, தூக்கமின்மை, காரணமில்லாத கோபம் எல்லாம் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். அப்புறம் மெல்ல மெல்ல இறங்கி, அடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். இதில் எனக்கோ மற்ற டாக்டர்களுக்கோ சந்தேகம் கிடையாது. இப்போது உங்கள் அண்ணனின் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராத்திரி சேர்க்கும்போது கடைசிப் பீடி என்று வைத்துக்கொண்டால், பிறகு ஊசியில் தூக்கம், மறுநாள் மதியம் கொந்தளிப்பு. காலம் பொருந்தி வருகிறது. காலம் பொருந்துவதால் மட்டும் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. ஆனால் கேட்டுப் பார்க்க வேண்டிய முதல் கேள்வி எது என்று தெரிந்துவிடுகிறது: கடைசிப் பீடி எத்தனை மணிக்கு?

இந்தக் கேள்வியை வார்டில் கேட்பவர்கள் குறைவு. சேர்க்கும்போது "பழக்கம் ஏதாவது உண்டா?" என்று கேட்டு, "பீடி உண்டு" என்று எழுதிக்கொள்வார்கள். எத்தனை, எப்போது கடைசியாக, கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்காது. கண் விழித்து அரை மணி நேரத்துக்குள் பீடி பற்ற வைக்கிறவர் என்றால் அடிமைத்தனம் கடுமையானது என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் இன்னொன்றும் கேட்க வேண்டும்: வெற்றிலையோடு போயிலை போடுவாரா? கடலுக்குப் போகிறவர்களில் பலர் தண்ணீரிலேயே கிடக்கும்போது பீடியைவிடப் போயிலையைத்தான் நம்புவார்கள். ரப்பர் வெட்டுக்குப் போகிற பெண்களிலும் போயிலை போடுகிறவர்கள் உண்டு. புகைபிடிக்காத ஆள், அதனால் நிக்கோட்டின் பிரச்சினை இல்லை என்று எழுதிவிட்டுப் போனால் தவறு. 2016-17இல் இந்தியாவில் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள், புகைப்பவர்கள் 10.7 சதவீதம்தான், மெல்லுகிற, அடக்குகிற வகை 21.4 சதவீதம். வாயில் அடக்கும் போயிலையை நிறுத்தினாலும் இதே தவிப்புதான்.

இனி, பேட்சைப் பற்றிப் பேசும் முன் ஒரு எச்சரிக்கை. எல்லாக் கொந்தளிப்பையும் பீடிக் கணக்கில் எழுதிவிடக்கூடாது. வார்டில் ஒருவர் திடீரென்று கட்டுக்கடங்காமல் போனால் நான் முதலில் பயப்படுவது குடிக்குத்தான். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் அன்றே கை நடுக்கம், வியர்வை வரலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இடம், நேரம் தெரியாமல், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டிருக்கும் நிலை வரலாம். அது உயிருக்கு ஆபத்து. அதற்கு வேறு மாத்திரை, தயமின் என்ற வைட்டமின் ஊசி எல்லாம் வேண்டும். நிக்கோட்டின் பேட்ச் ஒன்றும் செய்யாது. வீட்டில் உள்ளவர்கள் பீடியைச் சொல்வார்கள், குடியை மறைப்பார்கள், குறிப்பாகப் பெண் பார்க்கிற வீட்டில். உங்கள் கேள்வியில் குடியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. குடிக்கிறவர் என்றால் இன்றைக்கே போய் டாக்டரிடம் சொல்லுங்கள், கடைசியாகக் குடித்த நாளையும் சேர்த்து.

அடுத்தது, போட்ட ஊசியே உண்டாக்கும் நிலைகொள்ளாமை. ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் சிலருக்குக் கால்களில் ஒரு தாங்கமுடியாத தவிப்பைக் கொடுக்கும். அகதீசியா என்போம். உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும், நின்றால் கால் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். "உள்ளுக்குள்ள ஏதோ பிடுங்குது" என்பார்கள். பார்ப்பவருக்கு அது நோய் முற்றியதுபோலத் தெரியும். அதற்கு அதே மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும். மருந்தைக் குறைப்பது, மாற்றுவது, புரோப்ரனோலால் சேர்ப்பது என்று இதற்குத் தனி வழி இருக்கிறது. அண்ணன் கோபமாக இருக்கிறாரா, அல்லது கோபமே இல்லாமல் நடந்துகொண்டே இருக்கிறாரா என்று ஒரு பத்து நிமிடம் பார்த்து அதை அப்படியே சொல்லுங்கள். அதோடு காய்ச்சல், சிறுநீர் வெளியேறாமல் வயிறு உப்பியிருப்பது, சர்க்கரை குறைவது, விழுந்து தலையில் அடிபட்டது எதுவும் ஆளைக் கலக்கிவிடும். மனநோய் வார்டில் படுத்திருப்பதாலேயே உடம்பைப் பார்க்காமல் விடுவது மிகப் பெரிய அநியாயம்.

இவையெல்லாம் இல்லை என்று ஆன பிறகு, பேட்ச். இதற்கு ஆதாரம் என்ன என்று அக்காவிடம் கேட்டால் அங்கே வார்டில் வழக்கமாகச் செய்கிறார்கள் என்பார். வழக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். 2011இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு ஆய்வு வெளியானது. மனநல அவசரப் பிரிவுக்கு வந்த, புகைபிடிக்கும் மனச்சிதைவு நோயாளிகள் 40 பேர். எல்லோருக்கும் வழக்கமான மருந்து உண்டு. அதற்கு மேல் ஒரு பகுதியினருக்கு 21 மில்லிகிராம் நிக்கோட்டின் பேட்ச், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் பேட்ச். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, அளவெடுத்தவருக்கும் தெரியாது. கொந்தளிப்பை மதிப்பெண் போட்டு அளந்தார்கள். நிக்கோட்டின் ஒட்டியவர்களின் மதிப்பெண் நான்கு மணி நேரத்தில் 33 சதவீதம், இருபத்துநான்கு மணி நேரத்தில் 23 சதவீதம், மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. இது சிறியது என்று ஒதுக்கிவிடக்கூடிய வித்தியாசம் இல்லை.

ஆனால் நாற்பது பேர்தான். ஒரே ஒரு நாள்தான் பார்த்தார்கள். இன்னொரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது: குறைந்த அளவு அடிமைத்தனம் உள்ளவர்களுக்குத்தான் பலன் கூடுதலாகத் தெரிந்தது, கடுமையாகப் புகைப்பவர்களுக்குக் குறைவு. ஒரு பேட்ச் அவர்களுக்குப் போதவில்லை என்று விளக்கலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அது நிரூபிக்கப்பட்ட உண்மை என்று சொல்ல முடியாது. பீடிக் கணக்கு இன்னும் சிக்கல். பேட்ச் அளவெல்லாம் சிகரெட்டை வைத்துப் போட்டது: ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் என்றால் 21 மில்லிகிராம், அதற்குக் குறைவு என்றால் 14. ஒரு பீடியில் இருக்கும் புகையிலை சிகரெட்டைவிடக் குறைவுதான். ஆனால் பீடி அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். உள்ளே போகும் நிக்கோட்டின் சிகரெட்டுக்குக் குறைந்ததில்லை. "பீடிதானே" என்று அளவைக் குறைத்துக் கொடுப்பதற்கு ஆதாரம் இல்லை. உங்கள் அண்ணன் அளவுக்குக் குடிப்பவருக்கு என் வழக்கம் 21இல் தொடங்கி, ஆளைப் பார்த்து, இடையிடையே நிக்கோட்டின் உள்ள சூயிங்கம் சேர்ப்பது. முடிவு அங்கே பார்க்கும் டாக்டருடையது.

ஊசி போட்டதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் எழுத்தில் அதன் மீது ஒரு வருத்தம் தெரிகிறது. தன்னையோ பிறரையோ அடித்துவிடும் நிலையில் இருப்பவருக்கு ஊசி போடுவது சரியான வைத்தியம். இதற்கு உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஆய்வுகளில் சில நம் தமிழ்நாட்டிலேயே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தவை. 2004இல் வெளிவந்த ஆய்வில் 200 பேருக்கு லோராசிபாம் ஊசியையும், ஹாலோபெரிடாலோடு புரோமெத்தசின் சேர்த்த ஊசியையும் ஒப்பிட்டார்கள். இரண்டுமே அடக்கின, பின்னது இன்னும் சீக்கிரம். பேட்ச் அந்த வேகத்தில் வேலை செய்யாது. தோல் வழியாக ஊறி இரத்தத்தில் நல்ல அளவுக்கு ஏற சில மணி நேரம் பிடிக்கும். கதவை உதைத்துக்கொண்டிருக்கும்போது பேட்சைத் தேடி ஓடுவதில் பயனில்லை. சேர்க்கும் அன்றைக்கே ஒட்டியிருந்தால் கதவை உதைக்கும் அளவுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். அதன் இடம் அதுதான். ஊசி போதாமல் கட்டிப் போடும் நிலை வந்தால் அதற்குச் சட்டம் இருக்கிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும்தான் கட்டலாம். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறைக்காகவோ கட்டக்கூடாது.

பேட்ச் ஒட்டுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் நம் ஊர் வெக்கைக்கு ஏற்றபடி செய்ய வேண்டும். கடற்கரைக் காற்றில் உடம்பு எப்போதும் பிசுபிசுப்பாகவே இருக்கும். எண்ணெய் தேய்த்த உடம்பில் ஒட்டினால் மதியத்துக்குள் விழுந்துவிடும். முடியில்லாத மேல்கையையோ முதுகின் மேற்பகுதியையோ தண்ணீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து ஒட்டி, உள்ளங்கையால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். தினமும் இடம் மாற்ற வேண்டும். பழையதை எடுத்த பிறகே புதியது. எடுத்ததை ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் போட வேண்டும். ராத்திரி பயங்கரக் கனவு வருகிறது என்றால் தூங்கும் முன் எடுத்துவிடலாம். குமட்டல், தலைசுற்றல், நெஞ்சு படபடப்பு வந்தால் அளவு கூடிவிட்டது என்று சந்தேகித்து நர்ஸிடம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் பேட்ச் இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். சிலவற்றில் உலோகப் படலம் உண்டு, தோலைச் சுட்டுவிடும்.

இதைவிட முக்கியம், ஒட்டும் முன் அவரிடம் பேசுவது. தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள், உடம்புக்குள் ஏதோ கருவி வைத்திருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒருவரின் கையில் விளக்கம் சொல்லாமல் ஒரு பட்டையை ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தூங்கும்போது ஒட்டிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அதைச் செய்யவே கூடாது. "இங்கே பீடி கிடையாது, அது உங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னு எங்களுக்குத் தெரியும், அந்தக் கஷ்டத்துக்கு இது மருந்து" என்று நேராகச் சொன்னால் பலர் கையை நீட்டிவிடுவார்கள். அவருடைய தவிப்பை ஒருவர் நோயாகவும் திமிராகவும் பார்க்காமல் தவிப்பாகவே பார்த்தார் என்பதே பாதி அடக்கிவிடும். இதற்கு ஆய்வு எதையும் நான் காட்டப்போவதில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. வேண்டாம் என்று அவர் பிடிவாதமாகச் சொன்னால் விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பக் கேளுங்கள்.

சூயிங்கம் உடனடித் தவிப்புக்கு நல்லது, ஆனால் மெல்லத் தெரிய வேண்டும். சாதாரணச் சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலும் எரிச்சலும்தான் மிஞ்சும். சுள்ளென்று காரம் தெரியும்வரை மென்று, கன்னத்துக்குள் அடக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். போயிலை அடக்கிப் பழகியவர்களுக்கு இது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். சாயாவோ ஜூஸோ குடித்துக் கால் மணி நேரம் கழித்தே வாயில் போட வேண்டும், இல்லாவிட்டால் சரியாக ஊறாது. ஊசி போட்டு அரைத் தூக்கத்தில் இருப்பவருக்குச் சூயிங்கம் கொடுக்கவே கூடாது, தொண்டையில் சிக்கும். 2 மில்லிகிராம் சூயிங்கம் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. பேட்ச் எல்லாக் கடையிலும் இருக்காது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பெரிய கடைகளில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் வரவழைத்துக் கொடுப்பார்கள். 2022இல் வந்த தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிக்கோட்டின் மாற்று மருந்தும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதனால் அரசு மருத்துவமனையில் கேட்கத் தயங்க வேண்டாம்.

இனி அம்மாவின் யோசனை. பிள்ளை தவிப்பதைப் பார்க்க முடியாமல் சொல்வது. அந்த மனசை நான் எத்தனையோ தாய்மாரிடம் பார்த்திருக்கிறேன். மருத்துவமனைக்குள் புகைபிடிப்பது 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்கத் தடை. சட்டம் இருக்கட்டும், வார்டுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். மருந்தின் மயக்கத்தில் இருப்பவர் கையில் பீடியும் தீப்பெட்டியும் இருந்தால் மெத்தை பற்றிக்கொள்ள அதிக நேரம் ஆகாது. ஒருவருக்குக் கிடைத்தால் பக்கத்துக் கட்டில்காரர் கேட்பார், கிடைக்காவிட்டால் அடிதடி. அதோடு பீடி ஒரு நாணயமாக மாறிவிடும்: சொன்னதைக் கேட்டால் ஒன்று, மாத்திரை விழுங்கினால் இன்னொன்று. பழைய மனநோய் மருத்துவமனைகள் பல நாடுகளில் இப்படித்தான் நடந்தன. பாதிப் பீடிக்காக மனிதர்களைக் கெஞ்ச வைக்கும் அந்த முறை திரும்பி வரக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஒரு பீடி கொடுத்தால் அடங்குவார் என்பது உண்மைதான். இரண்டு மணி நேரத்தில் அடுத்ததைக் கேட்பார் என்பதும் உண்மை.

பீடியை நிறுத்தினால் வார்டில் அடிதடி கூடிவிடும் என்ற பயம் டாக்டர்களுக்கும் உண்டு. லண்டனில் ஒரு பெரிய மனநல மருத்துவமனைக் குழுமம் 2014இல் வளாகம் முழுக்கப் புகையைத் தடை செய்தது. அதற்கு முன்னும் பின்னும் கணக்கெடுத்தபோது மாதத்துக்கு நடக்கும் அடிதடி 39 சதவீதம் குறைந்திருந்தது. முன்-பின் ஒப்பீடு என்பதால் தடையால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. பயந்ததுபோல் கூடவில்லை என்பது மட்டும் உறுதி. அங்கே தடையோடு பேட்சும் சூயிங்கமும் ஆலோசனையும் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நம் வார்டுகளில் தடை மட்டும் வந்துவிட்டது, மற்றது வரவில்லை. பீடியைப் பறித்துக்கொண்டு கையில் ஒன்றும் கொடுக்காமல் விடுவது பாதி வைத்தியம்கூட இல்லை.

இந்தக் கேள்வியில் நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அண்ணன் எடுக்கும் மருந்து க்ளோசபினா, ஓலான்சபினா என்று பாருங்கள். இவற்றை உடைத்து வெளியேற்றும் ஒரு நொதி கல்லீரலில் இருக்கிறது. புகையில் இருக்கும் தார் வகைப் பொருட்கள் அந்த நொதியை முடுக்கிவிடும். அதனால் நிறையப் புகைப்பவருக்கு மருந்து சீக்கிரம் கரைந்துபோகும். டாக்டரும் அதற்கேற்ப அளவைக் கூட்டி வைத்திருப்பார். வார்டில் பீடி நின்றதும் ஒரு வாரத்துக்குள் நொதி பழைய நிலைக்கு இறங்கிவிடும். மாத்திரை அளவு அதேதான், இரத்தத்தில் அளவு மட்டும் ஏறும். க்ளோசபினில் இது பாதி அளவுக்கு மேலேயும் கூடியிருக்கிறது. அளவுக்கு மீறிய தூக்கம், எச்சில் ஒழுகுவது, எழுந்தால் தலைசுற்றி விழுவது, கடைசியில் வலிப்பு. ஆகவே க்ளோசபின் எடுப்பவர் பீடியை நிறுத்தினால் முதல் வாரத்திலேயே அளவை ஏறக்குறைய கால் பங்கு படிப்படியாகக் குறைப்பதும், வசதியிருந்தால் நிறுத்தும் முன்னும் ஒரு வாரம் கழித்தும் இரத்தத்தில் மருந்து அளவைப் பார்ப்பதும் பொதுவான வழி. இதை டாக்டர்தான் செய்ய வேண்டும், நீங்களாகக் குறைக்க வேண்டாம். உங்கள் அண்ணன் மாத்திரையையே விட்டுவிட்டிருந்தார் என்பதால் இப்போது புதிதாகத்தான் தொடங்கியிருப்பார்கள். அப்போதும் இந்தக் கணக்கு பின்னால் வரும்.

இந்த நொதியை முடுக்குவது புகை, நிக்கோட்டின் இல்லை. பேட்ச் ஒட்டினாலும் சூயிங்கம் மென்றாலும் மருந்து அளவு ஏறுவதைத் தடுக்காது. "பேட்ச்தான் இருக்கே, மருந்தை மாற்ற வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அது தவறு. போயிலை மட்டும் போடுகிறவர் நிறுத்தினால் இந்த மாற்றம் வராது, அவர் உள்ளே இழுப்பது புகை இல்லையே. காப்பி, சாயாவில் உள்ள காஃபீனும் அதே நொதியில்தான் கரைகிறது. பீடி நின்ற பிறகு பழைய கணக்கில் கட்டன் சாயா குடித்தால் காஃபீன் உடம்பில் தேங்கி, படபடப்பும் தூக்கமின்மையும் கூடும். வார்டில் அதையும் நோய் என்றே எழுதிவிடுவார்கள். பீடி இல்லாத குறைக்கு நாம் ஃபிளாஸ்க் ஃபிளாஸ்க்காகச் சாயா வாங்கிக் கொடுப்போம், அன்பினால்தான். கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்.

"அவனுக்குப் பீடிதான் மருந்து, மூளைக்கு அது வேணும்" என்று படித்தவர்களே சொல்வதுண்டு. மனச்சிதைவு உள்ளவர்கள் நிறையப் புகைப்பது உண்மை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சராசரி 62 சதவீதம். சென்னையில் ஆண் நோயாளிகளிடம் எடுத்த ஒரு ஆய்வில் 38 சதவீதம்தான். நோயே பீடியைத் தேட வைக்கிறது என்றால் ஊருக்கு ஊர் இவ்வளவு வித்தியாசம் ஏன்? காசு, வீட்டார் கட்டுப்பாடு, பழக்க வழக்கம் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. நிக்கோட்டின் மூளையில் கவனத்தையும் டோபமின் என்ற வேதிப்பொருளையும் தொடுகிறது என்பதில் சந்தேகமில்லை. அதனால் அது நோய்க்கு மருந்தாகிறது என்பது இன்னும் வாதத்தில் இருப்பது. அந்தக் கருத்தை வளர்த்த ஆய்வுகளில் சிலவற்றுக்குப் புகையிலை நிறுவனங்களே பணம் கொடுத்தன என்பது அவர்களுடைய உள் ஆவணங்கள் வெளிவந்தபோது தெரிந்தது. மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாகப் பதினைந்து, இருபது வருடம் முன்பே இறந்துபோகிறார்கள். அதில் இதய நோய்க்கும் நுரையீரல் நோய்க்கும் பெரிய பங்கு உண்டு. பீடியை அவர்களுக்கு ஆறுதலாக விட்டுவைப்பதை என்னால் ஏற்க முடியாது.

வீட்டுக்கு அனுப்பும் நாள் வரும்போது இன்னொரு பேச்சு இருக்கிறது. மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் முதல் பெட்டிக்கடையில் பீடி வாங்குகிறவர்கள்தான் அதிகம். வார்டில் பீடி இல்லாமல் பார்த்து நிர்ணயித்த மருந்து அளவு, வீட்டில் மறுபடி புகைக்கத் தொடங்கினால் சில நாட்களில் போதாமல் போகும், இரண்டு மூன்று வாரத்தில் குரல்கள் திரும்பி வந்து, "மாத்திரை ஒழுங்காகத்தான் சாப்பிட்டான், ஏன் இப்படி?" என்று நிற்பீர்கள். அதனால் பீடி தொடங்கினாலும் நிறுத்தினாலும் ஓ.பி.யில் டாக்டரிடம் சொல்ல வேண்டும், திட்டுவார் என்று மறைக்கக் கூடாது. நிறுத்தவே விரும்பினால் பேட்ச்சும் சூயிங்கமும் சேர்த்து எட்டு முதல் பன்னிரண்டு வாரம் தொடரலாம். வாரெனிக்ளின் என்ற மாத்திரையும் உண்டு. மனநோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து என்ற பயம் முன்பு இருந்தது. 2016இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, அதில் பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள், வைத்து நடந்த ஆய்வில் பேட்சையோ மருந்தில்லாத வெறும் மாத்திரையையோவிட அது மனநிலையைக் குறிப்பிடும்படி கெடுக்கவில்லை. நோய் அடங்கி நிலையாக இருப்பவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள், ஆகவே வார்டில் கொந்தளித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்துக்கு அது இல்லை. பீடி விடுவதற்குப் பேச 1800-112-356, மனநலத்துக்கு 14416, இரண்டும் இலவசம்.

இன்று வார்டுக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை பீடி, கடைசிப் பீடி எத்தனை மணிக்கு, போயிலை உண்டா, குடி உண்டா, கடைசியாக எப்போது, முன்பு எடுத்த மாத்திரைகளின் பெயர், இதய நோய் ஏதாவது இருந்ததா. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர் என்றால் பேட்ச் கொடுப்பதை டாக்டர் யோசித்துத்தான் செய்வார், அதனால் கடைசி வரி முக்கியம். தாளைக் கொடுத்துவிட்டு, "நிக்கோட்டின் பேட்ச் போடலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். ரவுண்ட்ஸ் நேரத்தில் கேட்க முடியாவிட்டால் டூட்டி நர்ஸிடம் கொடுத்து, கேஸ் ஷீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.